துப்பாக்கிப் பையில் முதலில் எது கெட்டுப்போகும்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை மீறிக் குறுக்குத்துறை, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் என்று ஊருக்குள் ஏறி வந்தது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு கீழ்த்தளத்து மர பீரோவைத் திறக்கவே ஒரு ஆள் கடப்பாரை பிடிக்க வேண்டியிருந்தது. மரம் அப்படி ஊதிப்போயிருந்தது.

அதன் அடித்தட்டில் மூன்று சாமான்கள் வண்டல் மண்ணில் புதைந்து கிடந்தன. ஒன்று, பெரியப்பா 1960களில் வேட்டைக்குக் கொண்டுபோன காக்கிக் கித்தான் (கேன்வாஸ்) தோட்டாப் பை. இரண்டு, அவருடைய தோல் தோட்டா பெல்ட். மூன்று, ரைபிள் கிளப்புக்குப் போக நான் வாங்கிய நைலான் துப்பாக்கிப் பை. நல்லவேளையாக ஏர் ரைபிள் மாடியில் இருந்தது. பெரியப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை எப்போதோ கொடுத்துவிட்டோம்.

மூன்றையும் மொட்டை மாடியில் போட்டுக் கழுவினேன். தோல் பெல்ட் காயக் காய மரக்கட்டையாக விறைத்து, வளைத்தபோது அப்பளம்போல் நொறுங்கியது. நைலான் பை கழுவியதும் புதுசுபோல் ஆகிவிட்டது. ஆனால் ஜிப்பின் ஓட்டி துருவேறி அப்படியே நின்றுவிட்டது. அறுபது வயதான கித்தான் பையைத் தூக்கிப் பிழிந்தேன். துணி முறுகியது, கிழியவில்லை. தோள்பட்டை மட்டும் தையலோடு கழன்று கையில் வந்தது.

பையைத் தூக்கிக்கொண்டு டவுனில் தார்ப்பாய் தைக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் போனேன். அவர் துணியை இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். நகத்தால் ஒரு தையலை நெம்பினார். நூல் பொடிப்பொடியாக வந்தது. “துணில ஒண்ணுமில்ல தம்பி. நூலுதான் செத்துப்போச்சு” என்றார். நான் இங்கே சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கம்தான். கித்தான் பை வாங்குகிறவர்கள் எல்லாரும் துணியின் கனத்தைப் பார்க்கிறார்கள். பை போவது துணியால் அல்ல. நூலும் இரும்பும் ஈரமும்தான் அதை முடிக்கின்றன, அதுவும் பெரும்பாலும் நாம் அதைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிற காலத்தில்.

வேட்டை என்ற சொல்லைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் வந்த திருத்தம், அதுவரை சிறு விலங்குகளுக்கென்று மிச்சமிருந்த வேட்டை லைசென்ஸையும் எடுத்துவிட்டது. முண்டந்துறையும் களக்காடும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆனது. காடை, கௌதாரி, முயல் என்று பெரியப்பா போன காலம் முடிந்துபோயிற்று. முடிந்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு இந்தப் பக்கம் துப்பாக்கிப் பை வைத்திருப்பவர்கள் என்றால் குறிபார்த்துச் சுடுகிற விளையாட்டுக்காரர்கள், பயிர்ப் பாதுகாப்புக்கென்று பழைய லைசென்ஸைப் புதுப்பித்து வருகிற விவசாயிகள், அப்புறம் துப்பாக்கி போன பிறகும் பையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற என்னைப் போன்ற குடும்பங்கள். பைக்கு வேலை மாறியிருக்கிறது. அது படும் பாடு பெரிதாக மாறவில்லை.

கித்தான் என்பது தனி ரகப் பஞ்சு ஒன்றும் இல்லை. வேட்டிக்கும் அதுவும் ஒரே நெசவுதான்: பாவு ஒன்று மேலே, ஊடை ஒன்று கீழே. வித்தியாசம் நூலின் தடிமனிலும் நெருக்கத்திலும் இருக்கிறது. நல்ல கித்தானில் இரண்டு மூன்று இழைகளை முறுக்கி ஒரு நூலாக்கி, அதை இடம் விடாமல் அடித்து நெய்திருப்பார்கள். நம் ஊரில் ரெட்டு என்று சொல்கிற முரட்டுத் துணிக்கு இது அண்ணன் முறை. இதை ஒரு சதுர கெஜத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவார்கள். ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 34 கிராம். கடையில் கிடைக்கிற சாதாரணத் துணிப்பை 10 அல்லது 12 அவுன்ஸ். தோட்டா சுமக்கிற பைக்கு 16 முதல் 18 அவுன்ஸ், அதாவது 540 முதல் 610 கிராம் வரை இருந்தால் போதும். அதற்கு மேல் 24 அவுன்ஸ் என்று போனால் உறுதி கூடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. மடிக்கிற இடத்தில் துணி நான்கு அடுக்காகும்போது சாதாரண மெஷினின் ஊசி அதைத் துளைக்கத் திணறும், தையல் தவறும். துணி பலமாகவும் மூட்டு பலவீனமாகவும் ஒரு பை கிடைக்கும்.

அவுன்ஸுக்குப் பதிலாக நம்பர் சொல்லி விற்கிற பழைய கணக்கும் இருக்கிறது. அதில் நம்பர் ஏற ஏறத் துணி மெலியும். 8-ஆம் நம்பர் சுமார் 18 அவுன்ஸ், 10-ஆம் நம்பர் சுமார் 15 அவுன்ஸ். பெரிய நம்பர்தான் கனம் என்று நினைத்து ஏமாறக் கூடாது.

சுமை எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பன்னிரண்டு போர் (துப்பாக்கிக் குழலின் அளவு) தோட்டா ஒன்று சுமார் 45 கிராம். ஐம்பது தோட்டா இரண்டேகால் கிலோ. தண்ணீர், கத்தி, டார்ச் என்று எல்லாம் சேர்ந்தாலும் நாலு கிலோவைத் தாண்டாது. 16 அவுன்ஸ் கித்தானின் ஒரு சாண் அகலமே அதைப்போல் பல மடங்கைத் தாங்கும். ரைபிள் பை இதைவிடக் கொஞ்சம் கனம். பத்து மீட்டர் ஏர் ரைபிளுக்குப் போட்டி விதியே 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. அதுவும் துணிக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் வாய்க்கால் வரப்பைத் தாண்டும்போதும், பைக்கிலிருந்து இறங்கிப் பையைச் சட்டென்று தோளில் இழுத்து மாட்டும்போதும், அந்தச் சுமை முழுக்க ஒரு வெட்டு வெட்டித் தோள்பட்டை சேர்கிற இரண்டு அங்குல இடத்தில் விழுகிறது. அங்கே அதைப் பிடித்திருப்பது துணி இல்லை; இருபது முப்பது தையல்தான்.

அதனால் பையை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு அங்குலம். பட்டையின் நுனியைப் பையின் வாயோரத்தில் ஒட்டவைத்து ஒரு கோடு தைத்திருந்தால் வேண்டாம். நுனி நான்கைந்து அங்குலம் கீழே இறங்கி, கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறியும் போட்டுத் தைத்திருந்தால் நல்லது. சுமை கட்டத்தின் நான்கு பக்கமும் பிரிந்து போகும். அதைவிட நல்லது, பட்டை பையின் பக்கவாட்டில் இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறி வருவது. அப்போது பையைத் தூக்குவது தையல் இல்லை, பட்டையே. பெரியப்பா பையில் அப்படி இல்லாததால்தான் அது கையில் கழன்று வந்தது.

தையலை நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று பல தையல்காரர்களே நம்புகிறார்கள். கனத்த கித்தானில் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் போதும். பன்னிரண்டு போட்டால் தபால்தலைத் தாளில் கிழிப்பதற்கென்று துளை போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு வரி உண்டாகிவிடும். இழுத்தால் அந்த வரியோடு கிழியும்.

சரி, நூலுக்கு வருவோம். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1880களில் நூற்பாலை வைத்த சீமை இது. விக்கிரமசிங்கபுரத்தில் நூலைப் பற்றிப் பேசத் தெரியாத குடும்பம் அபூர்வம். ஆனாலும் பை வாங்கும்போது நூலைக் கேட்பவர்கள் குறைவு. பழைய பைகள் எல்லாம் பருத்தி நூலில் தைத்தவை. துணியும் பருத்தி, நூலும் பருத்தி. இரண்டையும் ஒரே பூசணம்தான் தின்னும். துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனையோ நூல்கள் இருக்கின்றன. பத்து போனாலும் பாக்கி தாங்கும். தையலில் இருப்பது ஒரே நூல். அது வெளியே தலை நீட்டிக்கொண்டு உராய்வையும் வெயிலையும் முதலில் வாங்குகிறது. ஊசித் துளைக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியாகக் காய்கிறது. முதலில் சாகாமல் என்ன செய்யும்?

இப்போது நல்ல கூடாரங்களுக்கும் கித்தானுக்கும் ஒரு கலப்பு நூல் போடுகிறார்கள். உள்ளே பாலியெஸ்டர் இழை, மேலே பருத்திச் சுற்று. உள்ளிழை பூசணத்துக்கு அசையாது. மேலே சுற்றிய பருத்தி ஈரம் பட்டதும் ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். இது கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். கிடைக்காவிட்டால் கனத்த பாலியெஸ்டர் நூல் போதும், ஒரே ஒரு நிபந்தனையோடு: வெட்டித் தைக்கும் முன் கித்தானை நனைத்துச் சுருங்கவிட வேண்டும். புதுக் கித்தான் முதல் நனைப்பில் நூற்றுக்குப் பத்து வரைகூடச் சுருங்கும். பாலியெஸ்டர் நூல் சுருங்காது. நனைக்காமல் தைத்தால் முதல் மழையிலேயே மூட்டெல்லாம் நெளிந்து, தையல் தொளதொளவென்று வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். துருத்தியது எதிலாவது மாட்டி அறும். அண்ணாச்சி என்னிடம் சொன்ன இரண்டாவது வாக்கியமே, “துணிய ரெண்டு நாள் ஊறப்போட்டுக் காயவெச்சுக் கொண்டாங்க, அப்புறம் பாப்போம்” என்பதுதான்.

ஊறப்போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. தறியில் பாவு அறாமல் இருக்க நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். புதுக் கித்தானின் விறைப்பில் பாதி அந்தக் கஞ்சிதான். பூசணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அது விருந்துச் சாப்பாடு. கடையில் “பாருங்க, எப்படி நிக்குது” என்று காட்டுகிற விறைப்பைக் கண்டு மயங்காமல், கஞ்சி போகிற மட்டும் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும்.

பருத்திக்கு ஒரு அபூர்வமான குணம் உண்டு. நனைந்தால் அதன் பலம் கூடும். மற்ற பல இழைகள் நனைந்தால் தளரும். பருத்தி நூற்றுக்குப் பத்து, இருபது என்று இறுகும். நூல் ஊதி நெசவின் இடைவெளியும் அடைபடும். முன்பு லாரிகளின் முன்பக்கம் கித்தான் தண்ணீர்ப் பை தொங்குமே, நினைவிருக்கிறதா? தண்ணீர் ஒழுகாமல் கசிந்து, காற்றில் ஆவியாகி, உள்ளே இருப்பதைக் குளிர வைக்கும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போன தோணிகளின் பாய், கடல் தண்ணீரிலும் காற்றிலும் தாக்குப்பிடித்ததும் இந்தக் குணத்தால்தான். ஆகவே மழையில் நனைவதால் கித்தான் பை கெடுவதில்லை. நனைந்ததைச் சுருட்டி வைப்பதால் கெடுகிறது.

காய்ந்ததுபோல் தெரிகிற பருத்தியிலும் தண்ணீர் இருக்கிறது. சாதாரணக் காற்றில் அதன் எடையில் நூற்றுக்கு எட்டரை பங்கு ஈரம். ஒரு கிலோ பையில் 85 கிராம், கிட்டத்தட்ட அரை டம்ளர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இன்னும் ஏறும். தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடிச் சாரலிலும் இதே கதைதான். அந்தப் பையில் துப்பாக்கியை வைத்து மூடிக் கட்டி மூலையில் சாத்திவிட்டால் இரும்பு அந்த ஈரத்தைக் குடிக்கும். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா? எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் மழை ஈரம் காயாத கித்தான் உறையோடு கொடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, உறையின் மடிப்பு எங்கெல்லாம் குழலைத் தொட்டுக்கொண்டிருந்ததோ அங்கெல்லாம் வரி வரியாகத் துரு. உறையிலும் அதே வரிகள் செம்பழுப்பாக அச்சாகியிருந்தன. உறை என்பது கொண்டுபோகவும் கொண்டுவரவும் மட்டும். வீட்டில் துப்பாக்கி உறைக்கு வெளியே எண்ணெய் பூசிப் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். உறை தனியாகக் காற்றில் தொங்க வேண்டும்.

அந்தத் துரு அச்சுதான் துணிக்கும் எமன். பெரியப்பா பையைக் கழுவிய பின் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். முழுப் பையிலும் துணி ஓட்டை விட்டிருந்த இடங்கள் நான்கே நான்கு. நான்கும் இரும்பு ரிவிட்டைச் சுற்றி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. அங்கே மட்டும் நகம் பட்டால் துணி உதிர்ந்தது. இரும்புத் துரு பருத்தி இழையோடு சேர்ந்து காற்றையும் ஈரத்தையும் வைத்துக்கொண்டு அதை மெல்ல மெல்ல எரிக்கிறது என்றே சொல்லலாம். வேட்டியில் இரும்புக் கறை பட்ட இடம் ஒருநாள் பொத்தலாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். உப்புக் காற்று வீசுகிற திருச்செந்தூர், தூத்துக்குடிக் கரையோரங்களில் இது இன்னும் வேகம்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள். பக்கிள், வளையம், ரிவிட் எல்லாம் தங்கம்போல் மின்னும். காந்தம் ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்பு. முலாம் ஒரு மழைக்காலம் தாங்கும். ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்கலாம். செம்பு ரிவிட் கிடைத்தால் இன்னும் நல்லது.

தோலை ஏன் விட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தோலைப் பதப்படுத்தும் சரக்கில் உள்ள அமிலமும் கொழுப்பும் தோட்டாவின் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். களிம்பு கட்டிய தோட்டா துப்பாக்கிக்குள் போகாது, போனால் வராது. ஆன்சன் மில்ஸ் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி இதற்காகவே பருத்தியில் நெய்த தோட்டா பெல்ட்டைக் கொண்டுவந்தார். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் நனைந்து நீண்டு, காய்ந்து வெடித்த தோல் சாமான்களால் அவதிப்பட்ட பிரிட்டிஷ் ராணுவம், 1908-இல் சிப்பாயின் பைகளையும் பட்டைகளையும் முழுக்கப் பருத்தி நெசவுக்கு மாற்றியது. பிற்பாடு எத்தனையோ நாட்டு ராணுவப் பைகள் அந்தச் சாயலில்தான் வந்தன.

பித்தளை பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லாமல் விட முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. காரணம், குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியா. பித்தளையை இழுத்துத் தோட்டா வடிவாக்கியபோது அதற்குள் தங்கிப்போன இறுக்கமும் அம்மோனியாவும் சேர்ந்தால் அது விரிசல் விடும். நம் கிராமங்களில் பழைய பையைப் போட்டு வைக்கிற இடம் எது? மாட்டுத் தொழுவத்துப் பரண். கோமிய வாடை ஏறுகிற அந்த இடத்தில் தோட்டாவோ பித்தளைப் பக்கிள் வைத்த பையோ இருக்கவே கூடாது. கரையான் பயமும் அங்கேதான் அதிகம். கரையானுக்குப் பருத்தியும் மரமும் ஒன்றுதான்.

வெயிலைப் பற்றி. நெல்லைச் சித்திரை வெயிலில் கித்தானைக் காயப்போடலாம். மாதக்கணக்கில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைக்கக் கூடாது. புற ஊதாக் கதிர் பருத்தி இழையை அறுக்கும். நைலானை இன்னும் வேகமாக அறுக்கும். இந்த விஷயத்தில் பழைய காக்கிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. காக்கி என்றால் பாரசீகத்தில் புழுதி நிறம். அந்தக் காலத்துக் கூடாரத் துணிகளுக்கும் ராணுவப் பைகளுக்கும் போட்ட காக்கி வெறும் சாயம் இல்லை. இரும்பு, குரோமிய ஆக்ஸைடுகளை இழைக்குள்ளேயே படியவைத்தது. அது வெயிலைத் தடுத்தது, பூசணத்தையும் தடுத்தது. பெரியப்பா பையின் துணி வெள்ளத்திலும் நிமிர்ந்து நின்றதற்கு அந்தக் காக்கியும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். ரிவிட் துரு அரித்தது, அதே இரும்பு காக்கியாகக் காத்தது என்பது முரண்போலத் தெரியும். காக்கியில் இருப்பது குரோமியத்தோடு சேர்ந்து நிலைபெற்றுவிட்ட இரும்பு. ரிவிட்டிலிருந்து வருவது ஒவ்வொரு ஈரத்துக்கும் புதிதாகக் கசிகிற இரும்பு.

இன்றைக்குக் கடையில் காக்கி நிறத்தில் கிடைப்பதெல்லாம் இந்த வகை இல்லை. பலதும் பருத்தியே இல்லை. ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் காட்டுங்கள். தாள் எரிகிற வாடையோடு எரிந்து, தொட்டால் தூளாகிற சாம்பல் விட்டால் பருத்தி. உருகிக் கருத்து, கடுகுபோல் கெட்டியாக உருண்டால் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் பை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளத்தில் என் நைலான் பை பிழைத்துவந்ததை மறைக்கவும் மாட்டேன். ஆனால் கித்தான் என்று காசு கொடுக்கும்போது கித்தான் கிடைக்க வேண்டும்.

நைலானுக்கும் கித்தானுக்கும் உண்மையான போட்டி உடைமரம் மண்டிய உடங்காட்டில்தான் தெரியும். உடைமுள் நைலானில் மாட்டினால் இழையை வெளியே இழுத்துக்கொண்டு வரும். பூச்சு உரிந்து தொங்கும். கித்தானில் குத்தினால் நூல்கள் விலகி வழிவிடும். முள் வெளியே வந்ததும் மறுபடி நெருங்கிக்கொள்ளும். விரலால் நீவிவிட்டால் துளை இருந்த இடமே தெரியாது. அதே கித்தான், தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளின் மணலிடம் தோற்கும். குதிரைமொழித் தேரிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அந்தச் செம்மண் எவ்வளவு நைசு என்று. மண் என்று சொன்னாலும் இரும்பு படிந்த குவார்ட்ஸ் துகள்தான் அது. நெசவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, பை அசைகிற ஒவ்வொரு அசைவுக்கும் அரம்போல் நூலை ராவும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து அடிமூலை நான்கும் பஞ்சுபோல் ஆகியிருக்கும். தேரிக்காட்டுக்குப் போய்வந்த பையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஈர்க்குமாற்றின் அடிப்பகுதியால் தட்டி, அப்புறம் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் மணல் இன்னும் உள்ளே போகும். ஜிப் வைத்த பை என்றால் தேரி மணலுக்கு முதல் பலி ஜிப்தான். ஓட்டியின் உள்வாய் தேய்ந்து, மூட மூடப் பின்னால் திறந்துகொண்டே வரும். குறட்டால் ஓட்டியின் இரண்டு ஓரங்களையும் லேசாக அமுக்கினால் கொஞ்ச நாள் ஓடும். என் வரையில் தோட்டாப் பைக்கு மூடியும் பட்டையும் பக்கிளும்தான் சரி.

அடிப்பகுதி இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். அதுவும் வெளியடுக்கை மட்டும் பிரித்து மாற்றும்படி தைத்திருந்தால் பையின் ஆயுள் இரட்டிக்கும். பல நல்ல பைகளில் அடியை உள்ளோடு சேர்த்தே தைத்துவிடுகிறார்கள். அடி போனால் பையே போயிற்று. பனையேறிகள் இடுப்பில் கட்டுகிற அருவாப்பெட்டியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். தேய்கிற இடம் எதுவென்று தெரிந்து அங்கே மட்டும் கனமாகச் செய்திருப்பார்கள்.

மெழுகுக் கித்தான் இப்போது மோஸ்தர். குளிர் தேசத்தில் அது அருமையான சாமான். பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து சூடாகத் தேய்த்தால் மழை வழுக்கி ஓடும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் பைக் டாங்க் மேல் வைத்த மெழுகுப் பை பிசுபிசுவென்று ஆகும்; சட்டையில் அப்பும்; தேரிப் புழுதியை அள்ளிப் பூசிக்கொள்ளும். அதனால் முழுப் பைக்கும் மெழுகு வேண்டாம் என்பது என் முடிவு. மூடிக்கும் அடிக்கும் தையல் வரிகளுக்கும் மட்டும் போடலாம். தேன்மெழுகுக் கட்டியைத் தையல் வரியின் மேல் அழுத்தித் தேய்த்து, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினால் நூலுக்குள் இறங்கிவிடும். மெழுகு போட்ட இடத்தில் சோப்பு படக் கூடாது.

சுத்தம் பற்றி இரண்டு விஷயம். அந்தக் காலத்து வேட்டைப் பைகளில் ரத்தக் கறை இருக்கும். அதை வெந்நீரில் கழுவினால் கறை வெந்து இழையோடு ஒட்டிவிடும், பூசணத்துக்கும் அதுவே தீனி. பச்சைத் தண்ணீர்தான். அதைவிட முக்கியம் ஈயம். ஏர் ரைபிள் குண்டும் பன்னிரண்டு போர் ரவையும் ஈயம். அதன் தூள் பைத் துணிக்குள் தங்கும், கண்ணுக்குத் தெரியாது. தோட்டாப் பையைப் பழசாகிவிட்டது என்று சந்தைக்குக் காய்கறி வாங்கவும், பிள்ளைகளுக்குப் புத்தகப் பையாகவும் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. எவ்வளவு கழுவினாலும் அது கூடாது. கிளப்பிலிருந்து வந்ததும் கையைக் கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைத் தொடவும் கூடாது.

பெரியப்பா பையை அண்ணாச்சி எப்படிச் சரிசெய்தார் என்று சொல்லிவிடுகிறேன். பட்டையைக் கழற்றிய இடத்தில் பழைய துளைகளில் தைக்க மாட்டேன் என்றார். துளை வரிக்கு ஒரு விரல்கடை தள்ளி, உள்பக்கம் கித்தான் துண்டு ஒன்றை வைத்து, பாலியெஸ்டர் நூலில் கட்டமும் பெருக்கல் குறியும் போட்டார். இரும்பு ரிவிட் நான்கையும் வெட்டி எடுத்து, உதிர்ந்த துணியை வட்டமாக நறுக்கி, இரண்டு பக்கமும் ஒட்டுப்போட்டுச் செம்பு ரிவிட் அடித்தார். மற்ற மூட்டுகளைப் பிரிக்காமல் பழைய தையலுக்குப் பக்கத்திலேயே புதுத் தையல் ஓட்டினார். “பழச பிரிச்சா துணி நோகும். அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். மத்தியானம் கொடுத்தேன், விளக்கு வைக்கும்போது வாங்கிவந்தேன்.

இப்போது அது அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுச் சுவரில், தரையிலிருந்து ஆறடி உயரத்தில், ஆணியில் வாய் திறந்தபடி தொங்குகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அடியடுக்கை மட்டும் இந்த ஐப்பசிக்கு முன்னால் மாற்ற வேண்டும். இரண்டு மீட்டர் 18 அவுன்ஸ் கித்தான் வாங்கி ஊறப்போட்டுக் காயவைத்துவிட்டேன். மழைக்கு முந்திய தார்ப்பாய் வேலை அண்ணாச்சி கடையில் குவிந்து கிடக்கிறது. புரட்டாசி கடைசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.